தூக்க முடியாத கணினி

பத்துப் பேர் சேர்ந்து வந்தாலும் அசைக்க முடியாத ஒரு கணினியைத் தன் கையாலேயே செய்வது என்று சுகுமாரன் முடிவெடுத்துவிட்டார்.

சிரிக்காதீர்கள். மனுஷன் சிரிக்கிற நிலைமையில் இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அவர் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த கையுறைத் தொழிற்சாலை போன தீபாவளிக்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டது. வயதோ ஐம்பத்தாறு. எங்கே போய்க் கேட்டாலும் "கூப்பிடறோம் அங்கிள்" என்கிறார்கள். கூப்பிடத்தான் ஆளில்லை. பழைய ரப்பர் எஸ்டேட்டை வெட்டிக் கட்டிய தாமான் குடியிருப்பில், சன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதே அவருக்கு உத்தியோகமாகிப் போனது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

இந்த நேரம் பார்த்து கல்யாணமாகித் தூரத்தில் கிள்ளான் நகரில் இருக்கும் மகள் ஷர்மினி, "ரெண்டு பேரும் இங்கயே வந்து இருந்துடுங்கப்பா" என்று ஆரம்பித்தாள். மனைவி கலாதேவிக்குப் போக ஆசை. சுகுமாரனுக்கோ நெஞ்சில் இடி. வேலை போன மாமனார், மருமகன் வீட்டு சோபாவில், மருமகன் காசில் டீ குடித்துக்கொண்டு! நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கலாதேவி கைப்பேசி வழியாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுப்பவள். "சின்ன ஸ்கிரீன்ல கண்ணெல்லாம் எரியுதுங்க. கிள்ளான்ல மருமகன்கிட்ட பெரிய கம்ப்யூட்டர் இருக்கு" என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான் இந்த யோசனை பிறந்தது. கணினி இங்கேயே வந்துவிட்டால் அவள் எதற்குக் கிள்ளானுக்குப் போகப்போகிறாள்? அதுவும் தூக்கவே முடியாத கணினி! வீட்டோடு ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும் குடும்பம்.

"கலா, நானே ஒரு கம்ப்யூட்டர் செய்யப் போறேன். பாகம் பாகமா வாங்கி."

"செய்ங்களேன்."

"எல்லாப் பாகத்தையும் நாந்தான் பாத்து எடுப்பேன்."

"எடுங்க."

"நீ குறுக்க பேசக் கூடாது."

"அதுல எனக்கென்ன தெரியும்? பெட்டிய மட்டும் நான் பாக்கறேனே. ஹால்ல வைக்கறது, பாக்க லட்சணமா இருக்கணும்லா."

பெட்டி! பாகங்களைப் போட்டு மூடுகிற வெறும் தகரம்! சுகுமாரன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது கிடையாது. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். விதி யாரை விட்டது?

இரண்டு வாரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். மதர்போர்டு என்று பெயர் வைத்தவன் நிச்சயம் குடும்பஸ்தன்தான் என்று கண்டுபிடித்தார். எந்த வயரும் கடைசியில் அந்த அம்மாவிடம்தான் போய் முடிகிறது. இருப்பதிலேயே பெரிய மதர்போர்டு, முழ நீளத்துக்குக் கிராபிக்ஸ் கார்டு, செங்கல் கனத்தில் பவர் சப்ளை, விசிறி ஆறு என்று ஒரு பட்டியல் போட்டார். தமிழ் டியூஷனுக்கு ஆறு விசிறி எதற்கு என்று கேட்காதீர்கள். அவருக்குக் கனம்தான் முக்கியம்.

ஈப்போ நகரத்தில் கணினிக் கடைக்குள் நுழைந்ததும் கலாதேவி நேராகப் போய் ஒரு வெள்ளைப் பெட்டியைக் காட்டினாள். ரைஸ் குக்கரை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கடைப்பெண் துளசி பட்டியலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"அங்கிள், ஆண்ட்டி எடுத்த பெட்டிக்குள்ள இந்த போர்டு போவாது லா. சின்ன போர்டுதான் போவும்."

"சரி, சின்னதே குடு. கார்டு?"

"நீளம் இடிக்கும் அங்கிள். கார்டே வேணாம். ப்ராசசர்லயே படம் வரும். டியூஷனுக்கு அது தாராளம்."

"பவர் சப்ளை?"

"அதுவும் குட்டிதான்."

"விசிறியாச்சும் ஆறு போடும்மா!"

"ஒண்ணுதான் அங்கிள் போவும்."

சுகுமாரன் பட்டியலைக் கசக்கினார். "அப்ப பெட்டிய மாத்து!"

கலாதேவி குரலை உயர்த்தவேயில்லை. "பெட்டி எம்பொறுப்புன்னு நீங்கதானே தலையாட்டுனீங்க?"

துளசி சட்டென்று குனிந்து பில் எழுத ஆரம்பித்தாள். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இவளுக்குத் தகரம். ஒரு பாகத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தார், மற்ற எல்லாப் பாகத்தையும் அந்த ஒன்றே தீர்மானித்துவிட்டது.

வீடு திரும்பும் வழியில் செமோர் ஊரைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. வண்டி ஓட்டியபடியே மனதைத் தேற்றிக்கொண்டார். குட்டியோ பெரிசோ, கணினி நம் வீட்டில் இருக்கப் போகிறது. அவளுக்குக் கண் எரியாது. கிள்ளானுக்குப் போகக் காரணமும் இருக்காது.

சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து இரண்டு நாள் போராடினார். விரலில் இரண்டு வெட்டு. மூன்றாம் நாள் ஹால் டிவியோடு இணைத்துப் பொத்தானை அழுத்தியதும் திரை பளிச்சென்று எரிந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. தொழிற்சாலை மூடிய பிறகு அவர் கை வைத்து உருப்பட்டது இது ஒன்றுதான்.

கலாதேவி அதிலேயே அன்றைய வகுப்பை எடுத்து முடித்தாள். சுகுமாரன் பக்கத்தில் போய் நின்றார்.

"இனி கிள்ளான் போவணும்னு அவசியம் இல்லையே?"

அவள் கணினியை அணைத்தாள். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பெட்டியின் தலையில் அவர் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்த பட்டையை மேலே இழுத்தாள். அது கைப்பிடி! ஒற்றைக் கையால் கணினியைத் தூக்கி நின்றாள்.

"கடையில இதப் பாத்துத்தாங்க எடுத்தேன். மருமகன் கம்ப்யூட்டருக்கு நான் போய்க் காத்து நிக்க வேணாம் பாருங்க. எந்த ஊருக்குப் போனாலும் என் வேலை என் கையோட வரும்."

"அப்ப நான்?" என்றார் சுகுமாரன்.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். "அந்தச் சன்னல்ல உக்காந்து நீங்க நாளுக்கு நாள் கரையறத என்னால பாக்க முடியலங்க. நான் சனிக்கிழமை கிளம்பறேன். வரலன்னா இருங்க. அரிசி இருக்கு."

சுகுமாரன் சன்னலைப் பார்த்தார். மழை விடுவதாக இல்லை. கலா இல்லாத இந்த ஹாலை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். மருமகன் வீட்டு டீயே தேவலை என்று தோன்றியது. கேவலமாகத்தான் இருந்தது, ஆனாலும் தோன்றியது.

"எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?"

"ஏழு மணிக்கு. உங்க துணியெல்லாம் நேத்தே வண்டியில ஏத்தியாச்சு."