அரிசி நிறைஞ்சிருக்கு

நான் கோலாலம்பூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழை வீட்டில் அகராதி வைத்துக்கொண்டு கற்றவன். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பொருள் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பு உண்டு. அப்படிப்பட்ட நான், எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஒரு வார்த்தையால் ஒரு கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தேன். இதை நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. என் மனைவி சொல்ல ஆரம்பித்தால் இன்னும் மோசமாக இருக்கும்.

தப்பில் பாதி என் வளர்ப்பைச் சேரும். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டார். அப்பா ரயிலில் கார்டு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இரண்டே ஆண்கள். அரிசி தீர்ந்தால் அப்பா தகர டின்னைக் கவிழ்த்துத் தட்டி, "அபிஸ்!" என்பார். (மலாயில் 'முடிந்தது' என்று அர்த்தம். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் புரியும்.) உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குச் சாப்பிடப் போவோம். எங்கள் வீட்டில் 'இல்லை' என்பது வெறும் தகவல். அதைக் கேட்டு யாருக்கும் நெஞ்சு பதறியதில்லை.

பெண்கள் இருக்கிற வீடுகளில் அப்படி இல்லையாம். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் 'இல்லை', 'தீர்ந்தது' என்று யாரும் வாய் திறக்க மாட்டார்களாம். அரிசி தீர்ந்துவிட்டால் "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பார்களாம். கேட்டவன் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட வேண்டுமாம். விளக்கைக்கூட அணைக்கச் சொல்லாமல் 'குளிர வை' என்பார்களாம். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ஒன்றும் தெரியாது.

எங்கள் வரிசையில் கடைசி வீடு வைத்திலிங்கம் மாமாவுடையது. ரயில்வே ஆபீசில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா; நான் அவருக்குக் கீழே சின்ன கிராணி. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. இளையவள் கமலம். அவளைப் பற்றி நான் அப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனால் அவர்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் நான் தலை வாரிக்கொள்வதை அப்பா பார்த்திருக்கிறார்.

"இந்தக் கல்யாணத்துல நல்ல பேர் எடுடா. அப்புறம் ரெண்டாவது பொண்ணப் பத்தி நான் வாயத் தொறக்கறேன்" என்றார் அப்பா.

அதனால் நானே வலியப் போய்ப் பொறுப்புக் கேட்டேன். மாமாவும் கொடுத்தார். பின்பக்கத்துக் கொட்டகையில் சமையல் நடக்கும். நான் முன்பக்கம் பந்தல் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தச் சாமான் குறைந்தாலும் மாமாவின் தங்கை அலமேலு அத்தை வந்து சொல்வார். நான் முனைக்கடையிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலை ஐந்தரைக்கே நோட்டுப் புத்தகம், காதில் பென்சில், கழுத்துப் பட்டை சகிதம் போய் உட்கார்ந்துவிட்டேன். (கழுத்துப் பட்டை கமலத்துக்காக.)

எட்டு மணிக்கு அத்தை வந்தார்.

"தம்பி, சர்க்கரை நிறைஞ்சிருக்கு."

"ரொம்ப சந்தோஷம் அத்தை" என்று சொல்லி, 'சர்க்கரை: நிறைய' என்று எழுதிக்கொண்டேன்.

அத்தை சற்று நின்று பார்த்துவிட்டுப் போனார். அரை மணியில் மறுபடி வந்தார். இந்தத் தடவை முந்தானையில் வேர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"தம்பி, அரிசி நிறைஞ்சிருக்கு."

"நல்லதுதானே அத்தை!"

"நான் சொல்றது காதுல விழுதா? அரிசி. நிறைஞ்சிருக்கு!"

"விழுது அத்தை. எழுதிட்டேன், பாருங்க."

நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அத்தை நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமான் தாராளமாக இருக்கிறது என்று சொல்ல வருகிறவர் முகம் ஏன் அழுகிற மாதிரி இருக்கிறது? யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். நான் முதல் நாள் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்ட சாமானைத்தான் அத்தை பாராட்டுகிறார். பெரியவர்கள் நேராகப் பாராட்ட மாட்டார்கள், சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. ரயில்வே யார்டில் ராத்திரி வேலை முடிந்து நாற்பது பேர் அந்த வழியாகப் போனார்கள். எழுந்து கையைத் தட்டிக் கூப்பிட்டேன்.

"அண்ணே, எல்லாரும் சாப்பிட்டுத்தான் போகணும்! அரிசி நிறைஞ்சிருக்கு!"

முன்னால் வந்த பெரியவர் தயங்கினார். "நிறைஞ்சிருக்கா? அப்ப நாங்க இன்னொரு நாள் வரோம் தம்பி."

"அதெல்லாம் கெடையாது. உள்ள வாங்க!" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். நிறைய இருக்கிறது என்றால் இவர் ஏன் பின்வாங்குகிறார்? பிரிக்பீல்ட்ஸில் எல்லோருக்கும் வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று சந்தேகம் வந்தது.

கிள்ளான் ரயிலில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். சற்று நேரத்தில் மணவறையில் மந்திரமும் ஆரம்பமானது. அப்போதுதான் கமலம் என் மேசைக்கு வந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள்.

"வெளக்கெண்ணெயும் நிறைஞ்சிருக்குன்னு அத்தை சொல்லச் சொன்னாங்க. கொஞ்சம் சீக்கிரம்..."

"ரொம்ப சந்தோஷம்ங்க. நீங்க ஒன்னுக்கும் கவலப்படாதீங்க" என்றேன்.

கமலம் வாயைத் திறந்தாள், மூடினாள், திரும்பி ஓடினாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். கொட்டகையில் சமையல்காரர் காலி மூட்டையை விரித்து அதன் மேல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அடுப்பில் வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சர்க்கரை டின்னும் எண்ணெய் டின்னும் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன.

நிறைந்திருந்த அரிசி எங்கே போயிற்று? திருட்டா? பதற்றத்தில் அப்பாவின் மகனாகவே மாறிவிட்டேன். நேராகப் பந்தலுக்குள் ஓடி, மணவறைக்கு முன்னால் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"மாமா! அரிசி அபிஸ்! சர்க்கரை இல்ல! எண்ணெய் இல்ல! வெளக்கு அணையப் போகுது!"

ஒரு பெண்மணி கையில் இருந்த அட்சதையைக் கீழே போட்டார். கிள்ளான் சம்பந்தி எழுந்து நின்றுவிட்டார். அந்த வார்த்தைகள் இன்னும் யார் காதிலும் விழக்கூடாதே என்று வைத்திலிங்கம் மாமா விரலை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று அலறினார். மேளக்காரர்கள் போட்டுப் பிளந்தார்கள். கெட்டிமேளம் கேட்டால் மாப்பிள்ளை என்ன செய்வார்? தட்டில் இருந்த தாலியை எடுத்து மூன்று முடிச்சையும் போட்டுவிட்டார். ஐயர் அப்போதுதான் பிள்ளையார் பூஜையை முடித்திருந்தார்.

மேளம் நின்றதும் எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். அவர் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "நல்ல நேரம் பொறந்து ரெண்டு நிமிஷம் ஆச்சு. தோஷமில்ல. மீதி மந்திரத்தப் பின்னால சொல்லிக்கலாம்" என்றார். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

நான் முனைக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் தமிழர். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்ததுமே, "என்ன தம்பி, கல்யாண வூட்ல அரிசி நிறைஞ்சிருச்சா?" என்றார். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பாய், உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியாம எப்படி தம்பி கடை நடத்துறது? 'இல்ல'ன்னு சொல்லிக்கிட்டு இது வரைக்கும் ஒருத்தர் வந்ததில்லையே!"

ரிக்‌ஷாவில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். பந்தி ஒன்றரை மணி நேரம் தாமதம். யார்டு ஆட்கள் நாற்பது பேரும் பசியை மறந்து விறகு பிளந்து கொடுத்தார்கள். கமலம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது உண்மை.

மறுநாள் அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டார். வெட்கத்தை விட்டு, கமலத்தைப் பற்றியும் கேட்டுவிட்டார். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாப்போம்" என்றார்.

(பெண் கேட்கப் போன இடத்தில் 'பாப்போம்' என்றால் 'ஆளை விடு' என்று அர்த்தம். அதுவும் எனக்குத் தெரியாது.)

அப்பா தலையைக் குனிந்துகொண்டு வந்தார். நான் விசில் அடித்துக்கொண்டு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போய், "பாத்துட்டீங்களா மாமா?" என்று கேட்டேன். "பாப்போம்" என்றார். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை உள்ளேயிருந்து கமலத்தின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமா தலையில் அடித்துக்கொண்டு, "இவனுக்கு வெளக்கிச் சொல்றதுக்குப் பொண்ணக் குடுத்துடலாம்" என்றார்.

பிறகு யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த காலம் வந்தது. அரிசி என்பதே கனவாகி, மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தோம். ஒரு நாள் கமலம் கடைசிக் கைப்பிடி அரிசியைப் பிள்ளைகளுக்குக் கஞ்சியாகக் காய்ச்சிவிட்டு, டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஓடிப்போய் வாங்கி வரக் கடையும் இல்லை. என்னைப் பார்த்து, "நிறைஞ்சிருக்குங்க" என்றாள்.

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்றேன். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பிள்ளைகள் விழித்தார்கள். அன்றைக்குத்தான் அவர்களுக்கு இந்தக் கதையை முதன்முதலாகச் சொன்னோம்.

சொன்னது தப்பாகப் போயிற்று. இப்போது நான் எந்தப் பந்தியிலாவது தெரியாத்தனமாக "வயிறு நிறைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டால், என் பிள்ளைகள் உடனே எழுந்து போய்ப் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறார்கள்.