ஒருவழி சாரின் கழித்தல் குறி

பிறர் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூடக் காதில் வாங்காமல் முனைவர் பட்டம்வரை போன மனிதர் உலகத்திலேயே எங்கள் ஒருவழி சார் ஒருவர்தான்.

நானும் அவரும் தூத்துக்குடியில் ஒரே கல்லூரியில் இயற்பியல் வாத்தியார்கள். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரே மாடியில் குடியிருந்தோம். அவர் மீக்கடத்திச் சில்லு, அதாவது சூப்பர்கண்டக்டர் சிப், ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார். குவாண்டம் கணினியிலிருந்து வரும் மைக்ரோவேவ் சிக்னல் ஈனஸ்வரத்தில் இருக்குமாம். அதைப் பெரிதாக்கி முன்னால் அனுப்ப வேண்டும். பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்புகூட உள்ளே போய்விடக் கூடாது. எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை வெளியிலிருந்தே எண்களை மாற்றித் தீர்மானிக்கலாம். இதைச் சார் டீக்கடையில் விளக்கினார், சலூனில் விளக்கினார். மீன் ஏலத்துக்கு நடுவிலும் விளக்கினார், ஏலக்காரரே தோற்றுப்போய் உட்கார்ந்துவிட்டார். ஒருவழி என்ற பெயர் சில்லுக்காக வைத்ததல்ல.

சாத்தான்குளத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது துணைக்கு நானும் போனேன். காபி ஆறி ஏடு கட்டும்வரை சில்லுப் புராணம்தான். பெண்ணின் அப்பா வாயைத் திறந்து திறந்து மூடினார். வெளியே வந்ததும், நல்ல அமைதியான குடும்பம் என்று சார் பாராட்டினார். அந்தச் சம்பந்தம் அதோடு சரி.

சில்லைக் கடுங்குளிரில் வைத்துச் சோதிக்கும் இயந்திரம் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இருந்தது. சாருக்கு ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். சில்லு ஒழுங்காக ஓடினால் அங்கேயே ஆராய்ச்சி வேலை. இல்லையென்றால் ஆயுசுக்கும் முதலாண்டுப் பையன்களுக்கு ஓம் விதிதான். சோதித்தவள் அங்கே படிக்கும் புன்னைக்காயல் பெண் ஜெனிட்டா. சோதனை நாளன்று மதியம் போன் செய்தாள். சார் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, எடுத்த எடுப்பில் தன் கோட்பாட்டை விளக்க ஆரம்பித்தார். அவள் சார், சார் என்று கூப்பிட்டுக் களைத்துப்போனாள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் வாய மூடுதியளா? சிக்னல் முன்னால போகல, பின்னாலதான் வருது. சாயங்காலம் மிஷின அடுத்த ஆளுக்குக் கொடுக்கணும்."

சாரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"சொல்லும்மா," என்றார்.

அவர் அனுப்பிய எண்களை அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஓரிடத்தில் கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. முந்தின வாரமே நான் அதைச் சொன்னேன், யாரிடம் சொன்னேன்! அவள் குறியைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப சரியா போகுது அண்ணாச்சி," என்றாள். சார் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இப்போது பெங்களூரில் இருக்கிறார். ஞாயிறுதோறும் போன் செய்து ஒருமணி நேரம் அறுப்பார். நான் ம் கொட்டிக்கொண்டே துணி மடிப்பேன். போன ஞாயிறு, "நீரு எப்படிவே இருக்கீரு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தார். பாவி மனுஷன், அதற்கும் நான் பழக்கதோஷத்தில் ம் கொட்டிவிட்டேன்.