தேவை நிறைவடைந்த தெரு

தேசிய மின் திட்டக் குழுவின் துணை இயக்குநரும் என் கூடப் பிறந்தவனுமாகிய தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே மின்சாரம் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் ஏ.சி. குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய ‘அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கான மின் திட்டம்’ கிடைத்தது. அறுநூறு பக்கம், வழவழ தாள், அட்டையில் எரியும் பல்பு. எங்கள் தெருவில் இப்போது எரிகிற ஒரே பல்பு அதுதான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், நீ தோட்டமே போட்டிருக்கிறாய். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் எங்கள் தெருவை ‘மின் தேவை நிறைவடைந்த பகுதி’ என்று போட்டிருக்கிறாயே, படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. நாங்கள் நிறைவடைந்துவிட்டதால் தினம் நாலு மணி நேரம் எங்களிடமிருந்து எடுத்து, நிறைவடையாதவர்களுக்குக் கொடுக்கிறீர்களாம்.

எங்கள் தொழில் உனக்கு மறந்திருக்கும். நானும் உன் அத்தானும் கோழிக்குஞ்சு பொரித்து விற்கிறோம். இன்குபேட்டருக்குள் ஆயிரத்து இருநூறு முட்டை, இன்றோடு பதினெட்டாம் நாள். இன்னும் மூன்று நாள் சூடு குறையாமல் இருந்தால் குஞ்சு, குறைந்தால் இந்த வருஷப் பிழைப்பே கூழ்முட்டை.

மின் அலுவலகத்துக்குப் போனேன். இஞ்சினியர் தங்கமான மனுஷன், நாற்காலிகூடப் போட்டார். “தேவை நிறைவடைஞ்ச பகுதின்னு மேலிடத்துல போட்டிருக்கும்மா. உபயோகமும் குறைஞ்சிருக்கு பாருங்க” என்றார். “நீங்க கட் பண்றதாலதானே சார் குறையுது?” என்றேன். “இருக்கலாம்மா. ஆனா காரணம் எழுத ஃபாரத்துல கட்டம் இல்லையே” என்றார். உபயோகம் இன்னும் குறைந்ததால் போன வாரத்திலிருந்து ஆறு மணி நேரம் கட். பிள்ளையைச் சமையலறைக்கு வெளியே பூட்டி வைத்துவிட்டு, ‘சோறே கேக்கிறதில்லை, என்ன சமத்து’ன்னு மெச்சுற மாதிரி இருக்குடா. ‘ஜெனரேட்டர் இருக்கே அக்கா’ என்பாய். இருக்கு. மூணாம் அத்தியாயத்துல டீசலைக் குறைச்சுட்டே. நாலாம் அத்தியாயத்துல சோலார் தர்றே, அதுக்கு ஆன்லைன்ல விண்ணப்பிக்கணுமாம். கரண்ட் வந்தாத்தான் கம்ப்யூட்டர் ஓடும், கம்ப்யூட்டர் ஓடினாத்தான் கரண்ட் வரும். பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியுங்கிற கதை! உன் அத்தானோ வாயே திறக்காமல் இன்குபேட்டருக்குக் கம்பளி போர்த்திக்கொண்டிருக்கிறார்.

நேற்று ஒரு முட்டையை எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே அசைந்தது. எனக்கு பயமா இருக்குடா தம்பி.

சலுகை எதுவும் கேட்கவில்லை. அந்த வரி பச்சைப் பொய், அதைத் திருத்து. நாங்கள் நிறைவடைந்துவிட்டோம் என்று உங்களுக்குத் தகவல் கொடுத்த புளுகன் யாரென்று கண்டுபிடித்து எழுது. மிச்சத்தை நான் நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உன் திட்டம் நூறாண்டு வாழட்டும், எங்கள் முட்டைகளுக்கு மூன்று நாள் போதும்.

இப்படிக்கு,
நிறைவடைந்த அக்கா

பின்குறிப்பு: தபால்தலை தேடி அலமாரியைத் திறந்தேன். உன் ஆபீஸ் கணக்கெடுப்பு ஃபாரத்தின் நகல் கிடைத்தது. ‘கூடுதல் மின்சாரம் தேவையா?’ என்ற கேள்விக்கு எதிரே, உன் அத்தானின் குண்டு குண்டு எழுத்தில், ‘இருப்பதே தாராளம், நன்றி.’ கேட்டால், “மச்சினன் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்காங்க, அவங்ககிட்டப் போய்க் குறை சொன்னா அவனுக்கு மரியாதையா இருக்குமா?” என்கிறார். அவரைப் பார்த்துத் தெருவே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆகவே மேலே உள்ளதைக் கிழித்துப் போடு. அடுத்த கணக்கெடுப்பு ஐந்து வருஷம் கழித்து என்று அடியில் அச்சடித்திருக்கிறது. உன் மரியாதை பத்திரமாக இருக்கிறது தம்பி. நானும் அவரும் முட்டைகளைச் சுற்றி வெந்நீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பதிலுக்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை.