கேட்டில் நான் நின்ற காரணம்

விருதுநகர் வேலைவாய்ப்பு ஆபீஸில் பெரிய நாற்காலியில் இருக்கும் மகராசி அழகுமீனா அம்மா அவர்களுக்கு, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்திலிருந்து முனியசாமி கும்பிடு போட்டுச் சொல்லிக்கொள்வது. எழுதிக்கொள்வது என்றுதான் எல்லாரும் போடுவார்கள். எனக்குக் கைநாட்டுதான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் பொன்மணி எழுதுகிறாள். வார்த்தை என்னுடையது, பிழை இருந்தால் அவளுடையது. அப்படி எழுத மாட்டேன் என்கிறாள். எழுதும்மா.

இங்கன நானும், மகன் அன்பரசனும், மருமகளும், பேத்தியும், எட்டு ஆடுகளும் சுகம். மழை மட்டும்தான் சுகமில்லை. அங்கன நீங்களும் உங்க பிள்ளைகுட்டிகளும், உங்க ஆபீஸ் மேசையில் அழுது வழிகிற அந்தக் காத்தாடியும் சுகமாக இருக்க எங்க காளியம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாசம் நீங்க நடத்தின வேலைவாய்ப்பு முகாமில் நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்கவும், அதையும் மீறி நீங்க செய்த உதவிக்கு நன்றி சொல்லவும்தான் இந்தக் கடுதாசி. அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீங்க மேடைக்கு ஓடினீக, நான் பஸ்ஸுக்கு ஓடினேன்.

உங்க ஆபீஸை எனக்கு இன்னைக்கு நேத்தா தெரியும். பொன்மணி என் தங்கச்சி மகள். பன்னெண்டாம் கிளாஸ் பாஸானதும், ரெண்டாயிரத்து ஒன்பது ஜூன் பதினொண்ணு, வியாழக்கிழமை, தாய்மாமன் நான்தான் கூட்டிவந்து பதிஞ்சேன். எங்களுக்கு முன்னால் நாற்பத்திமூணு பேர். முப்பதாவது ஆள் வெயிலில் மயங்கி விழுந்தார், பியூன் ஒருத்தர் தன் கைக்காசில் சோடா வாங்கிக் கொடுத்தார். அவள் என் வீட்டுக்கே மருமகளாக வந்த பிறகும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை அவளோடு பஸ் ஏறி வந்து புதுப்பிப்போம். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று அங்கே ஒருத்தரும் என்னை முகம் சுளிச்சுப் பார்த்ததில்லை. "பெரியவரே, பதிவு நம்பர் என்ன?" என்பார்கள். அட்டையைப் பார்க்காமல் கடகடவென்று சொல்லுவேன். ஏன் இன்னும் இன்டர்வியூ கார்டு வரவில்லை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. முன்னால் நிக்கிறவுக போகாமல் நம்ம முறை எப்படி வரும். நாற்பத்தொரு வருஷம் கேட்டில் நின்னவனுக்கு வரிசை என்றால் என்னவென்று தெரியும்.

அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்லாமல் முகாம் கதை விளங்காது. பட்டாசுக் கம்பெனிக்கு வாட்ச்மேன் நான். காலையில் முந்நூறு பேர் உள்ளே போவார்கள். பீடி, தீப்பெட்டி, ஆணி அடிச்ச செருப்பு, பிறகு செல்போன் வந்த காலத்தில் செல்போன், இந்த நாலும் என்னைத் தாண்டி உள்ளே போனதில்லை. முதலாளி மச்சினன் ஒரு தடவை செல்லோடு வந்தார். "நான் யார்னு தெரியுமாலே உனக்கு?" என்றார். "தெரியும் அண்ணாச்சி, அதனாலதான் பேரைச் சொல்லி வாங்குறேன்" என்று வாங்கி வைத்தேன். யாருக்கும் டோக்கன் கிடையாது, சீட்டு கிடையாது. சாயங்காலம் முகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஐம்பத்தெட்டு வயசில் வேலையை விட்டு நிக்கணும் என்றார்கள், என்னை விட்டால் கேட்டுக்கு ஆளில்லை என்று ரிஜிஸ்டரில் பதிமூணு வருஷம் ஐம்பத்தெட்டிலேயே வைத்திருந்தார்கள். எழுபத்தொரு வயசில் கம்பெனிக்குச் சீல் வைத்தபோதும் எனக்கு ஐம்பத்தெட்டுதான்.

பொன்மணியும் அதே கம்பெனியில்தான் பேக்கிங் பார்த்தாள். அன்பரசன் வெம்பக்கோட்டைப் பக்கம் வேறொரு கம்பெனியில் வெடிமருந்து அறையில் வேலைக்கு இருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னாடி, ஐப்பசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொண்ணே காலுக்கு அந்த அறை வெடிச்சுப் போச்சு. இவன் வாசல் ஓரம் இருந்ததால் உசுரு தங்கிச்சு. வலது கை விரல் இன்றைக்கும் மடங்காது. ஆடு மேய்க்கிறான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வைத்து நான் சொன்னேன், இனி என் வீட்டு ஆள் ஒருத்தரும் மருந்து அறை வாசப்படி மிதிக்கக் கூடாது என்று. சொல்லிவிட்டேன், ஆனால் அடுப்பு எரியணுமே. போன மாசம் வேறொரு பட்டாசுக் கம்பெனிப் போர்மேன் வீட்டுக்கே வந்தான். "பேக்கிங்குக்கு ஆள் இருக்கு, மருந்து அடைக்கத்தான் இல்ல, திங்கக்கிழமை வந்தா வேலை, வராட்டி வேற ஆளைப் போட்டுருவேன்" என்றான். பொன்மணி வரேன் என்று சொல்லிவிட்டாள். தடுத்தால், அப்போ அடுப்புக்கு என்ன வழி என்று கேட்பாள். அந்தத் திங்களுக்கு முந்தின சனிக்கிழமைதான் உங்க முகாம்.

சரி, முகாமுக்கு வருகிறேன். காலேஜ் வாசலில் நாங்க இறங்கும்போது மணி எட்டரை. பொன்மணி உள்ளே போனாள். "நீங்க இங்கனயே நிழல்ல நில்லுங்க மாமா, ஒண்ணும் செய்யாம நில்லுங்க" என்றாள். அந்த ரெண்டாவது பாதிதான் முடியாமல் போச்சு. பெரிய கேட்டு, அகலத் திறந்து கிடக்குது, காவலுக்கு ஒரு ஆள் கிடையாது. எனக்கு என்னமோ வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது. சும்மா ஓரமாக நின்றேன். நான் போட்டிருந்தது காக்கிச் சட்டை, கிழியாத சட்டை அது ஒண்ணுதான். அப்போ நம்ம கம்பெனியில் இருந்த முத்துப்பேச்சி வந்தாள். என்னைக் கேட்டில் பார்த்தாள். இடுப்பில் இருந்து செல்லை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பதினெட்டு வருஷப் பழக்கம், அவளைச் சொல்லிக் குத்தமில்லை. அவளுக்குப் பின்னால் வந்த அச்சங்குளத்து ஆட்கள், சாத்தூர் ஆட்கள், எல்லாம் நம்ம கேட்டில் நுழைஞ்சவுகதான், வரிசையாகக் குடுத்தார்கள். வைக்க இடமில்லை. பக்கத்து டீக்கடையில் ஒரு சாக்கு வாங்கினேன். அதைப் பார்த்து டவுன் பிள்ளைகளும், இதுதான் சட்டம் போல என்று குடுத்தார்கள். ஒரு பையன் மட்டும் "எதுக்கு தாத்தா?" என்றான். "உள்ளே போயிட்டு வந்து கேளு" என்றேன். பிறகு கம்பெனிக்காரர்கள் கார்களில் வந்தார்கள். அவர்களும் குடுத்தார்கள். ஒருத்தர் பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்று கெஞ்சினார், அவரிடம் லைட்டரும் இருந்தது, அதையும் வாங்கினேன். அம்மா, ஒன்பதே முக்காலுக்கு நீங்க வந்தீக. நீல நிறக் காட்டன் சேலை, கையில் பைல். பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீங்களும் குடுத்தீக. "நல்ல ஏற்பாடு" என்று வேற சொன்னீக.

செல்லில் அந்தக் கியூஆர் கட்டத்தைப் படம் பிடிச்சால்தான் பெயர் பதியும், செல்லுக்கு நம்பர் வந்தால்தான் உள்ளே கூப்பிடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். பதினொரு மணி வரைக்கும் உள்ளே நாற்பது கம்பெனி மேசை போட்டு உட்கார்ந்திருக்குது, முந்நூறு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்குது, ஒருத்தரையும் ஒருத்தர் கூப்பிடவில்லை. கலியாண வீட்டில் மாப்பிள்ளை வராத மாதிரி. சாக்கு மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தது. பிறகுதான் போலீஸ்காரரோடு நீங்க ஓடிவந்தீக.

"யாருங்க நீங்க? யார் உங்களை இங்க நிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. கேட்டு தொறந்து கெடந்துச்சு."

போலீஸ்காரர் சாக்கை எட்டிப் பார்த்து, "டோக்கன் எங்கய்யா?" என்றார். டோக்கன் இல்லை என்றேன். அவர் தலையில் கை வைத்தார். நீங்க என்னைத் திட்டவில்லை. ஒரு தடவை மூச்சு இழுத்து விட்டு, "இப்ப என்ன செய்யலாம் பெரியவரே, சொல்லுங்க" என்று கேட்டீக. அதை நான் மறக்க மாட்டேன். நாற்பத்தொரு வருஷத்தில் என்னைக் கேட்டு ஒரு அதிகாரி முடிவெடுத்தது அன்றைக்குத்தான். எல்லாரையும் வரிசையில் விடச் சொன்னேன். முகத்தைப் பார்த்தேன், கையை விட்டேன், எடுத்தேன், குடுத்தேன். முனை ஒடைஞ்சது இந்தப் பச்சைச் சுடிதாருக்கு. ரப்பர் பேண்டு போட்டது மீசைக்காரருக்கு. ஒரே மாதிரி ரெண்டு கறுப்பு இருந்தது, போலீஸ்காரர் இப்போ மாட்டினான் என்று கிட்ட வந்தார். "சூடா இருக்கிறது உங்களுது தம்பி, காலையிலேருந்து அம்மா ஒம்பது தடவை கூப்பிட்டுட்டாக" என்று குடுத்தேன். முந்நூத்திப் பன்னெண்டு செல்லு, ஒண்ணு மாறவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. மாறியிருந்தால் உங்களுக்குத் தலைவலி என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசியாக அந்த லைட்டர்க்காரர் வந்தார். ஸ்ரீராம்குமார் என்று பெயர், சிவகாசி ரோட்டில் அச்சாபீஸ் வைத்திருக்கிறவர். செல்லை வாங்கிக்கொண்டு போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பேர் என்ன, ஊர் என்ன, எத்தனை வருஷம் கேட்டில் இருந்தீங்க, வயசென்ன என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். கேஸ் எழுதுகிறார் என்று நினைச்சேன். வயசு கேட்டதும் வாய் பழக்கத்தில் ஐம்பத்தெட்டு என்று வந்துவிட்டது. "அய்யா, தப்பு என்னுது. என் மருமகளுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவளை இதுல சேத்துராதீக. பேரு பொன்மணி, பன்னெண்டு பாஸு, பதிவு நம்பர் இன்னது" என்று அதையும் ஒப்பிச்சேன். அவர் சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார். பணக்காரர் சிரிச்சால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

உள்ளே பொன்மணியிடம் நீங்க உட்கார்ந்து பேசினதை அவள் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். "என்ன அனுபவம் இருக்கு?" என்று கேட்டீகளாம். "ஒண்ணும் இல்ல மேடம், பட்டாசுதான்" என்றாளாம். "பட்டாசுன்னா ஒண்ணுமில்லையா? ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி கட்டுவீங்க, யார் எண்ணிக்கை பார்ப்பா, எண்ணிக்கை குறைஞ்சா யார் பொறுப்பு?" என்று நீங்க நோண்டி நோண்டிக் கேட்டு, ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தீக. அதை வாசிச்சுக் காட்டினாள். பதினாறு வருஷமாக வீட்டில் இம்புட்டுப் பெரிய ஆள் இருந்திருக்கிறாள், நாங்க குழம்பில் உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இந்த வரியை எழுத வெட்கப்படுகிறாள்.

அன்றைக்கு ஒரு கம்பெனியும் உடனே சேர்க்கவில்லை, தகவல் சொல்கிறோம் என்றார்கள். நான் அடித்த கூத்தில்தான் போச்சு என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை போர்மேன் ஆள் அனுப்பினான். இவளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். செவ்வாயும் சொன்னேன். புதன்கிழமை, இனிமேல் காய்ச்சலைக் குறைக்க வழியில்லை என்றிருக்கும்போது தபால் வந்தது. பொன்மணி பிரித்துப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். "யாருக்கும்மா, என்ன?" என்றேன். "எனக்குத்தான் மாமா, வேலை கிடைச்சிருச்சு" என்றாள். சந்தோசத்தில் முகம் வெளிறிப் போய்விட்டது அவளுக்கு. கையெழுத்துப் போடணும் என்று அடுத்த பஸ்ஸுக்கே ஓடினாள். அந்த அச்சாபீஸ்காரர்தான் கொடுத்திருக்கிறார். நான் கேஸ் என்று பயந்ததெல்லாம் வீண். என் கூத்தைப் பார்த்த பிறகும் இவள் தகுதியை மட்டும் பார்த்து வேலை கொடுத்திருக்கிறார் என்றால் அவர் பெரிய மனுசர். என்ன வேலை என்று கேட்டால் ஆபீஸ் வேலை என்கிறாள், அதுக்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறாள். காலையில் எட்டுக்குப் போய் சாயங்காலம் முழுசாக வீடு வந்து சேருகிறாள். எனக்கு அம்புட்டுப் போதும்.

இதில் என் பங்கு கெடுத்தது மட்டும்தான், கொடுத்தது பூராவும் நீங்க. உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு அலையாமல் வேலை கிடைக்கட்டும். உங்க ஆபீஸ் வரிசையில் நிக்கிற கடைசி ஆளுக்கும் ஒரு கார்டு வரட்டும். இனி எந்த முகாமுக்கும் வந்து கேட்டில் நிற்க மாட்டேன் என்று காளியம்மா மேல் சத்தியம்.

இப்படிக்கு,
அச்சங்குளம் முனியசாமி, இடது கைப் பெருவிரல் ரேகை.

பின்குறிப்பு: மேடம், இது பொன்மணி நானே எழுதுவது. மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். அன்றைக்கு வந்த ஆர்டரில் இருந்த பெயர் என்னுடையது இல்லை. "திரு. மு. முனியசாமி, வயது 58, நுழைவாயில் காவலர்" என்று இருந்தது. அந்த அச்சாபீஸில் ரகசிய வேலைகள் அச்சாகிறதால் செல்போன் உள்ளே போகக் கூடாதாம். அதற்குத்தான் இவரைக் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்கே நேரில் போய்ச் சொன்னேன். "அவருக்கு எழுபத்திநாலு சார், ஐம்பத்தெட்டு அவரோட கம்பெனி வயசு. அந்த வேலையை எனக்குக் கொடுங்க" என்றேன். "அவர் ஞாபகம் உனக்கு வருமாம்மா?" என்றார். "வராது சார், ஆனா எனக்கு எழுதத் தெரியும்" என்றேன். மூன்று மாதம் பார்க்கலாம் என்று சேர்த்துக்கொண்டார். இப்போது டோக்கனும் நோட்டும் வைத்து நான்தான் கேட்டில் நிற்கிறேன். இதுவரைக்கும் ஒன்றும் மாறவில்லை.

உங்கள் ஆபீஸில் வேலை பெற்றவர் பட்டியலில் மாமா பெயர்தான் ஏறியிருக்கிறது. அடுத்த முகாமில் மேடையில் பாராட்ட அவரை அழைக்கப்போவதாக உங்கள் ஆபீஸிலிருந்து போன் வந்தது, நல்லவேளை நான் எடுத்தேன். தயவுசெய்து பெயரை மாற்றிவிடுங்கள். தெரிந்தால் நாளைக்கே காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், தடுக்க என்னால் முடியாது. இல்லையென்றால் தனக்கு வந்த வேலையை விட்டுக்கொடுத்ததாக என்னிடம் பெருந்தன்மை காட்டுவார், அது அதைவிடக் கஷ்டம்.

பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறார். "நான் சொல்லி முடிச்சு அரை மணி ஆச்சே, இன்னும் என்னத்த எழுதுறே?" என்று கேட்கிறார். உங்கள் அட்ரஸ் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன். "கவர்மெண்டு அட்ரஸ் நீளமாத்தான் இருக்கும், பொறுமையா எழுதும்மா" என்கிறார்.