தீபத்தன்று நான் போட்ட ரத்த ஓட்டக் கணக்கு

நடந்துகொண்டே கனவு காண்கிறவர்களிடம் யாரும் வழி கேட்கக் கூடாது. நான் அந்த ரகம்.

எண்பதுகளின் தொடக்கம். சென்னையில் கணித ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கொழுப்பு படிந்து குறுகிப்போன ரத்தக் குழாயில் ரத்தம் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. (கம்ப்யூட்டரை நான் தொட்டதுகூடக் கிடையாது. துளையிட்ட அட்டைக் கட்டை ஜன்னலில் கொடுத்தால் மறுநாள் தாளில் விடை வரும். பெரும்பாலும், அட்டையில் தப்பு என்று.) ஒருநாள் உருப்படியாகவே விடை வந்துவிட்டது. குறுகிய இடத்தில் ரத்தம் வேகம் பிடிக்கிறது. அதைத் தாண்டியதும் ஓரங்களில் சுழல்கிறது. அந்த வளைகோடுகளின் அழகில் மயங்கிப்போனேன். பிறகு எதைப் பார்த்தாலும் ரத்தக் குழாய்தான். பஸ் படிக்கட்டு, காபி வடிகட்டி, அம்மாவின் முறுக்கு அச்சு, எல்லாம்.

அந்த மயக்கம் தெளியாமலே கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வீட்டுக்கு வந்தேன். என்னைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து முரளியும் அவருடைய அம்மாவும் அன்றைக்கே வந்திருந்தார்கள். முரளி மாட்டு டாக்டர். போட்டோவைப் பார்த்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. (வீட்டில் சொல்லவில்லை. சொல்வார்களா?) அவருடைய அம்மா காலையிலிருந்து விரதம். தீபம் பார்த்த பிறகுதான் சாப்பாடு, சம்மதம் இரண்டும் என்று சொல்லிவிட்டார்.

“எங்க மொட்டை மாடியிலேருந்தே நல்லா தெரியுங்க” என்றார் அப்பா.

“ராஜகோபுரத்துக்கு எதிர நின்னு பாக்கறதா வேண்டிக்கிட்டேங்க.”

அப்பாவுக்குக் கால் வீக்கம். எனவே வழிகாட்ட நான் கிளம்பினேன். “பெரிய தெருவுலயே கூட்டிட்டுப் போடி” என்று அம்மா வாசல்வரை வந்து சொன்னாள்.

பெரிய தெருவில் கூட்டம் ஆமை மாதிரி நகர்ந்தது. பக்கத்தில் தேரடி வீதிக்குப் போகிற ஒரு சந்து. எனக்குள் வளைகோடு மின்னியது.

“இதுல போலாம்மா.”

“ஏன், சந்துல கூட்டம் கம்மியா?”

“கூட்டம் இருக்கும். ஆனா குறுகலான இடத்துல வேகம் ஜாஸ்தி. கணக்கு அப்படித்தான்.”

படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அந்த அம்மா நுழைந்தார். பாதிச் சந்தில் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் ஒருவர் முதுகு, பின்னால் ஒருவர் மூட்டை, இரண்டு பக்கமும் சுவர். மலையும் தெரியவில்லை, கோபுரமும் தெரியவில்லை. “தீபம் ஏத்திடுவாங்களே” என்று அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“ரத்தம் இப்படி நிக்காதே” என்று முனகினேன்.

“முன்னாடி இருக்கறவர் காலை மிதிச்சிடுவோம்னு ரத்தத்துக்குப் பயமில்லீங்களே” என்றார் முரளி. அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

நியாயமாக நான் வெட்கப்பட்டிருக்க வேண்டும். நானோ வேறு உலகத்தில் இருந்தேன். கற்பூரப் புகை தலைக்கு மேல் மிதந்தது. தூரத்தில் ‘அரோகரா’ எழுந்து, அடங்கி, மறுபடி எழுந்தது. ஒவ்வொரு முறையும் கூட்டம் மெல்ல முன்னால் அசைந்து கொடுத்தது. ஏதோ ஒரு பெரிய உடம்புக்குள் சிவப்பணுவாக மிதப்பதுபோல அத்தனை சுகம். அந்தச் சுகத்தில் என் கை தளர்ந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு தள்ளு! சந்து முடிகிற இடத்தில் கூட்டம் தேரடி வீதிக்குள் பீறிட்டது. அந்த அம்மா நட்டநடுவில் நேராகப் போய் மறைந்தார். நானும் முரளியும் ஓரமாகச் சுழன்று, சாத்தியிருந்த ஒரு பாத்திரக் கடைக் கதவோடு ஒட்டி நின்றோம்.

“பாருங்க, ஓரத்துல சுழலுது! அப்படியே என் கணக்கு!” என்று கை தட்டினேன்.

“எங்கம்மா எங்கங்க?” என்றார் முரளி.

கனவு கலைந்தது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவரை, எனக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவரை, அத்தனை ஜனத்துக்கு நடுவில் தொலைத்துவிட்டேன். இந்த மனிதர் இனி என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

போலீஸ் பந்தலுக்கு ஓடினோம். மைக் முன்னால் இருந்த ஏட்டு எல்லார் பேரையும் கேட்டுக்கொண்டு, என்னைக் காட்டி, “இவங்க யாரு?” என்றார். முரளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏட்டுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

“வேலூர் சரோஜா அம்மா, எங்க இருந்தாலும் போலீஸ் பந்தலுக்கு வரவும். உங்க மகன் முரளியும் மருமகள் கஸ்தூரியும் அழுதுக்கிட்டு நிக்கறாங்க.”

ஊர் முழுக்கக் கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாய்கள் அத்தனையும் அதை அலறின. அதே நேரத்தில் மலையுச்சியில் தீபம் எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா வந்தார். தலை கலைந்திருந்தது. முகம் மட்டும் பிரகாசமாக இருந்தது. திட்டுக்குத் தயாராக நின்றேன்.

“கோபுரத்துக்கு நேரா கொண்டுபோய் விட்டுட்டாங்க. இந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்குச் சரியா வருமா, நீயே சொல்லுப்பான்னு மலையைப் பாத்துக் கேட்டுக்கிட்டு நின்னேன்” என்றார் மகனிடம். “மைக்லயே சொல்லிட்டாருடா.”

வீட்டுக்கு வந்தால், வாசலில் அக்கம்பக்கத்தார் அப்பாவை மடக்கியிருந்தார்கள். கல்யாணத்துக்கு ஏன் கூப்பிடவில்லையாம்.

போன வருஷம் என் மகள் ஒரு பையனைக் கூட்டிவந்து, “இவரைத்தான் கட்டிக்கப் போறேன்” என்றாள். மாமியார் கட்டிலில் படுத்தபடியே கேட்டார்.

“மைக்ல சொல்லிட்டாங்களா?”