வால்வு ஸ்ப்ரிங்கும் ஒரு கறவை எருமையும்

இந்த வருஷம் சோழவரம் ரேஸில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தே தீருவேன் என்று சபதம் போட்டேன். வராவிட்டால் மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அது நிற்கும் கொட்டகையில் எருமை கட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்லித் தொலைத்தேன். சொன்னது என் மனைவி அஞ்சம்மாளிடம். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் மறந்திருப்பார்கள்.

என் வண்டி யுத்த காலத்துப் பிரிட்டிஷ் வண்டி. பட்டாளத்தில் கழித்துப் போட்டதை வாங்கி, அன்று முதல் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பொன்னேரிப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டால் தணிகாசலம் வருகிறான் என்பார்கள். சத்தம் நின்றால் தள்ளிக்கொண்டு வருகிறான் என்பார்கள். நெல் விளைந்தாலும் விளையாவிட்டாலும் எனக்குச் சந்தோஷம் தந்தது அந்த வண்டி ஒன்றுதான். அஞ்சம்மாளுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

ரேஸுக்காகப் புதுப்பேட்டையில், என்ஜின் வால்வைத் தூக்கிவிடுகிற புது கேம் ஒன்று வாங்கினேன். கூடவே வால்வு ஸ்ப்ரிங் இரண்டு ஜோடி. ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. எதைப் போடுவது என்று கொட்டகையில் உட்கார்ந்து தவித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

"இன்னாங்க, கோழிக்குஞ்சு பாக்கற மாதிரி பாத்துக்கினு கீறீங்க?"

"ஸ்ப்ரிங்கு. இந்த கேமு வால்வை ரொம்ப ஒசரம் தூக்கும். தூக்கின வேகத்துல அத்தத் திருப்பி ஒக்கார வெக்கறது இதான்."

"ஒக்கார வெக்கலன்னா?"

"ஸ்ப்ரிங்கு தொளதொளன்னு இருந்தா வால்வு நேரத்துக்கு மூடாது. வண்டி இருமும், துப்பும். வேகம் எடுக்காது."

"எதுனா உடைஞ்சி நீங்க வுழுந்துட மாட்டீங்களே?"

"அதெல்லாம் இல்ல. பின்னாடி வரவன்லாம் முந்திக்கினு பூடுவான். அவ்ளோதான்."

"அவ்ளோதானா?" என்றாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. என் மேல் இத்தனை அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன்.

"ரொம்ப பலமா இருந்தாலும் தப்பு. கேமைத் தின்னுடும். அறுபது கிலோ பாரம் வெச்சா கரெக்டா இந்தக் குச்சில போட்ட கோட்டுக்கு எறங்கணும். அறுபது கிலோவுக்கு நான் எங்க போவேன்? நெல்லு மூட்டையே எழுபத்தஞ்சு."

"பொன்னேரி ஸ்டேஷன் மிஷின்ல எனக்கு அறுபதுன்னுதான சீட்டு வந்துச்சி? நான் ஏறி நிக்கறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் தன் எடையை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஸ்ப்ரிங்கின் மேல் ஒரு பலகை, பக்கத்தில் கோடு போட்ட குச்சி. அஞ்சம்மாள் பலகை மேல் ஏறினாள். பலகை ஆடியது.

"வுழுந்துடப் போறேங்க."

"மேல உத்தரத்தப் புடிச்சிக்கோமே."

நானேதான் சொன்னேன். சொல்லிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கோட்டையே பார்த்தேன். பச்சை ஸ்ப்ரிங் கோட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. கறுப்பு, சொல்லி வைத்த மாதிரி கோட்டில் வந்து உட்கார்ந்தது. கறுப்புக்கு அவளே குங்குமம் வைத்து என் கையில் கொடுத்தாள்.

சோழவரத்தில் கொடி இறங்கியதும் பாய்ந்தேன். முதல் திருப்பம் வரை மூன்றாவதாகத்தான் போனேன். அப்புறம் நேர்பாதை. முறுக்கினேன். வண்டி இருமியது. இன்னும் முறுக்கினேன். துப்பியது. என்னைத் தாண்டிப் போனவர்களை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். எனக்குப் பின்னால் இருந்தது செயின் அறுந்து நின்ற ஒருத்தன்தான். அவன்கூட என்னைத் தட்டிக்கொடுத்து ஆறுதல் சொன்னான்.

மனசு கேட்காமல் ஸ்ப்ரிங்குகளை ரைஸ் மில்லுக்கு எடுத்துப்போய், எடைக்கல் அடுக்கிப் பார்த்தேன். அறுபது கிலோவுக்குப் பச்சை கனகச்சிதமாகக் கோட்டில் நின்றது. கறுப்பு கோட்டைத் தாண்டி, சுருளோடு சுருள் ஒட்டுகிற அளவுக்கு அமுங்கிப் போனது. மில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்து அவளைக் கொட்டகைக்குக் கூப்பிட்டேன்.

"நெஜத்தச் சொல்லுமே. நீ அறுபது கிலோதானா?"

"அறுபதேதான்."

"அப்பறம் எப்டி தப்பாச்சி?"

"நீங்க கோட்டத்தான பாத்துக்கினு இருந்தீங்க? எங் கையப் பாத்தீங்களா?"

அண்ணாந்து பார்த்தேன். உத்தரம் முழுக்க ஒட்டடை. இரண்டு கை பிடித்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"தொங்கினியா?"

"லேசாத்தான். ஜெயிச்சிருந்தா வருஷா வருஷம் ஓட்டுவீங்க. ஒரு நாளு உங்களத் தூக்கிக்கினு வருவாங்க. எனக்கு எருமையும் வோணும், நீங்களும் வோணும்."

சபதம் சபதம்தான். ஆரணியிலிருந்து, ரேஸ் பைத்தியம் பிடித்த மாட்டு வியாபாரி ஆசீர்வாதம் எருமையோடு வந்தார். எருமையை விட்டுவிட்டு, அதற்குப் பதில் என் வண்டியை எடுத்துக்கொண்டார். பச்சை ஸ்ப்ரிங் ஜோடியையும் கொசுறாக அவர் பையில் போட்டவள் அஞ்சம்மாள்தான்.

அடுத்த வருஷம் சோழவரத்தில் என் வண்டி மூன்றாவதாக வந்ததாம். சேதி வந்தபோது நான் பால் கறந்துகொண்டிருந்தேன்.