மாமா சொன்னபடியே

சாவியைத் திருகினால் மோட்டார் ‘டிக்’ என்றது. மறுபடி திருகினால் மறுபடியும் ‘டிக்’. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அது தயாராக இல்லை.

பல் டாக்டர் படகின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை முறைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் அவரைவிட ஐந்து வயதுதான் இளையது. போன மாதம் படகோடு சேர்த்து யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டார். யாரையும் என்றால் மனைவியை.

"என்ன சொல்லுது உங்க சின்ன வீடு?" என்று படகுத்துறையின் மேலிருந்து மனைவி கேட்டாள்.

"டிக்குங்குது."

"ஞாயித்துக்கிழமை அப்பாவும் அம்மாவும் வராங்க. நாலு பேரும் ஏறி அக்கரை வரைக்கும் போயிட்டு வரணும். போகலைன்னா படகை அன்னிக்கே வித்துடணும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அன்று வெள்ளிக்கிழமை. டாக்டருக்கு இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடக்கிற மனுஷன். வாரத்தில் ஒரு நாளாவது நிமிர்ந்து வானத்தைப் பார்க்க இந்தப் படகு ஒன்றுதான் இருந்தது.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குக் கட்டியிருந்தது. இருபது வருஷத் தொழிலில் இவ்வளவு தெளிவான சொத்தையை அவர் பார்த்ததில்லை. சுரண்டி எடுத்தால் கரண்ட் பாயும் என்று கை பரபரத்தது.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க," என்றாள் மனைவி. "கேட்காம கையை வச்சா வருத்தப்படுவாரு."

மாமனார் கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சின் இருமினாலே வியாதியைச் சொல்லிவிடுவார் என்று பெயர் எடுத்தவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சுக்கு டாக்டர் மறுபேச்சுப் பேசியதில்லை. அவர் எதிரில் உட்கார மாட்டார். போனில் பேசுவதானாலும் எழுந்து நின்றுதான் பேசுவார். இப்போதும் எழுந்து நின்றார். படகு ஆடியது.

"மாமா, பேட்டரி முனையில பொருக்குப் பிடிச்சிருக்கு. சுத்தம் பண்ணிடலாமா?"

"தொடவே தொடாதீங்க மாப்ளே! அது பாட்டுக்கு இருக்கட்டும். ஸ்டார்ட்டரைக் கழட்டுங்க."

"ஸ்டார்ட்டரையா?"

"முழுசா!"

சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கச் சொல்கிறாரே என்று டாக்டருக்குத் தோன்றியது. பெரியவரைப் பற்றி அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு கழற்ற ஆரம்பித்தார். மூன்று போல்ட்டுகள் ஒழுங்காகச் சட்டைப் பைக்குள் போயின. நாலாவது துள்ளிக் குதித்துத் தண்ணீருக்குள் போனது.

"ஒரு போல்ட்டு தண்ணியில விழுந்துடுச்சு மாமா."

"அதனால என்ன, விடுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியலைன்னா நான் ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டேன்."

"அப்படிச் சொல்லாதீங்க மாமா. தலைகீழா நின்னாவது முடிச்சுடறேன்!"

மாமனார் ஒரு பெருமூச்சோடு போனை வைத்தார். எவ்வளவு பெருந்தன்மை என்று டாக்டர் நெகிழ்ந்துபோனார்.

சனிக்கிழமை மத்தியானமே கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். ஸ்டார்ட்டர் இல்லாவிட்டால் என்ன? கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்பலாம். பதினேழாவது இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. டாக்டர் துள்ளிக் குதித்தார். அவர் கீழே வந்து சேர்வதற்குள் அது நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தார். மறுபடி ஒரு நிமிஷம் ஓடி நின்றது. பெட்ரோல் குழாயின் நடுவில் இருந்த ரப்பர் உருண்டை பட்டினி கிடந்த வயிறுபோல ஒட்டிப்போயிருந்தது. டாங்க் மூடியைப் பார்த்தார். காற்றுப் போவதற்கென்று அதில் இருக்கும் சின்னத் திருகு இறுக மூடியிருந்தது. அடடா, மூக்கை அடைத்துக்கொண்டால் எப்படிக் குடிக்க முடியும்? திருகப்போன கையை இழுத்துக்கொண்டு, எழுந்து நின்று, போன் போட்டார்.

"மாமா, டாங்க் மூடியில காத்துத் திருகு மூடியிருக்கு. திறந்துவிட்டா..."

"ஐயையோ! காத்துப் போனா பெட்ரோல் கெட்டுடும். இன்னும் இறுக்குங்க. இடுக்கி போட்டு இறுக்குங்க."

இறுக்கினார். இப்போது அரை நிமிஷத்தில் நின்றது.

"இன்னுமா அரை நிமிஷம் ஓடுது?" என்றார் மாமனார் கவலையோடு. "அப்ப ஒண்ணு பண்ணுங்க. மேல் ப்ளக்குக்குப் போற வயரைக் கீழ மாட்டுங்க. கீழ போறதை மேல மாட்டுங்க."

"வெடிக்காதா மாமா?"

"வெடிச்சாத்தானே உள்ள இருக்கிற கசடெல்லாம் வெளிய வரும்?"

பெரியவர்கள் சொன்னால் அதில் ஒரு அர்த்தம் இருக்கும். டாக்டர் வயர்களை மாற்றி மாட்டினார். "லைன்லயே இருங்க மாமா," என்று போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். மாமனார் லைனில் இருக்கும்போது குனியலாமா? விறைப்பாக நின்றபடியே கயிற்றை இழுத்தார்.

‘டமார்!’

வாத்துகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன. பக்கத்துப் படகில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். கரும்புகை கலைந்தபோது படகில் டாக்டரைக் காணவில்லை. தண்ணீருக்குள்ளிருந்து ‘மாமா’ என்பதுபோல இரண்டு குமிழிகள் மட்டும் மேலே வந்தன.

மார்பளவுத் தண்ணீர்தான். தட்டுத்தடுமாறி எழுந்து நின்றவருக்குக் காலடியில் ஏதோ சுருக்கென்று குத்தியது. எடுத்துப் பார்த்தால் நேற்று விழுந்த போல்ட்டு! ஆனால் போன் செத்துப்போயிருந்தது. மனைவியின் போனில் மாமாவைக் கூப்பிடலாம்தான். அதற்கு முதலில் அவளிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். அந்தத் தைரியம் டாக்டருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகத் தன் பல் கருவிகளோடு படகுக்கு வந்தார். கேட்பதற்கு ஆளில்லை. "மன்னிச்சுடுங்க மாமா," என்று முணுமுணுத்துவிட்டுப் பேட்டரிச் சொத்தையைச் சுரண்டினார். பிரஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்தார். "மன்னிச்சுடுங்க மாமா." வயர்களைப் பழைய இடத்தில் மாட்டினார். "மன்னிச்சுடுங்க மாமா." கடைவாய்ப் பல் பிடுங்கும் குறடால் காற்றுத் திருகைத் திறந்துவிட்டார். ஸ்டார்ட்டரைப் பொருத்தி நாலாவது போல்ட்டையும் முடுக்கினார். குரு துரோகி என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது.

பத்து மணிக்கு மனைவி தன் பெற்றோரோடு வந்து சேர்ந்தாள். மாமனார் சலவைச் சட்டையில் அப்படி ஒரு உற்சாகமாக இருந்தார். துறையின் விளிம்புக்கு வராமல் நாலடி தள்ளி நின்றபடியே மாப்பிள்ளைக்கு ஆறுதல் சொன்னார்.

"ஓடலைன்னா மனசை விட்டுடாதீங்க மாப்ளே. வாங்கிக்கிறதுக்கு ஒரு நல்ல ஆளாப் பேசி வச்சிருக்கேன்."

மனைவி கையைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருகினார்.

மோட்டார் ஒரே உறுமலில் கிளம்பியது. ஒரு நிமிஷமானது, இரண்டு நிமிஷமானது, நிற்கவில்லை. டாக்டருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மாமனாரின் வாயில் மட்டும் பழைய சிரிப்பு மிச்சம் இருந்தது. முகத்தின் மற்ற இடமெல்லாம் பேயறைந்ததுபோல வெளுத்துவிட்டது.

"எப்படி மாப்ளே?"

ஜென்மத்தில் முதல் தடவையாக டாக்டர் மாமனாரிடம் பொய் சொன்னார். "நீங்க சொன்னபடியே செஞ்சேன் மாமா. துளிகூட மாத்தலை."

"நான் சொன்னபடியேவா? இருக்கவே இருக்காது!"

எவ்வளவு தன்னடக்கம் என்று டாக்டர் உருகினார்.

"ஏறுங்கப்பா!" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாம் உங்களாலதான். நீங்க முன்னாடி உட்காருங்க."

"சத்தம் சரியில்லையே... ஒரு வாரம் விட்டுப் பார்க்கலாமே..." என்றபடியே மாமனார் ஏற்றப்பட்டார்.

படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. மனைவி தலைமுடி பறக்கப் பறக்கச் சிரித்தாள். "வித்துடாதீங்க!" என்று கத்தினாள். டாக்டர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். பிறகு நன்றியோடு மாமனாரைப் பார்த்தார். அவர் படகின் இரண்டு விளிம்புகளையும் இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க அத்தை," என்றார் டாக்டர், குரல் தழுதழுக்க. "கண்ணை மூடிக்கிட்டு எஞ்சின் சத்தத்தை எப்படி ரசிக்கிறாரு!"

அதுவரை வாயே திறக்காத மாமியார், மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"ரசிக்கிறதாவது! தண்ணியைப் பார்த்தாலே இவருக்கு உசிரு போயிடும் மாப்ளே, உங்க மோட்டாரை ஓட விடாம பண்றதுக்கு ரெண்டு நாளா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாரு. கப்பல்லயே முப்பது வருஷம் எஞ்சின் ரூமை விட்டு இவரு வெளிய வராததுக்கு, அங்க ஜன்னல் இல்லைங்கிறது ஒண்ணுதான் காரணம்."